நம்மாளின் கடைசிக் கதை

அட்டைதான் முதலில் வரும். கதை அதற்குப் பிறகுதான்.

இதைச் சொன்னால் அந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். மாதம் ஒரு நாவல் போடுகிற சின்னப் பதிப்பகத்துக்கு, மாதா மாதம் தனியாக அட்டை அச்சடிப்பது கட்டாது. அதனால் பல மாதத்து அட்டைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து சிவகாசியில் அடித்துவிடுவார்கள். படமும் தலைப்பும் முடிவாகி, தாளை வெட்டி, கட்டுக் கட்டி, மதுரையில் இருக்கும் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அட்டைகளில் ஒவ்வொன்று என் நண்பனுக்குத் தபாலில் வரும். அவன் அதைப் பார்த்து எழுதுவான். பனிமலை இருந்தால் பனிமலையில் கதை. ஹெலிகாப்டர் இருந்தால் எப்படியாவது ஒரு ஹெலிகாப்டர். கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் எல்லா அட்டையிலும் இருப்பாள், அவளுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஏறக்குறைய முப்பது வருடம் அவன் இப்படித்தான் ஓர் உளவாளியின் கதையை எழுதினான். நான் அதில் எழுத்துப் பிழை பார்த்தேன்.

அவனுடைய கடைசி நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதைத் தன் கையால் முடித்துவிட வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். நினைவு முழுதாகத் தப்பிப் போவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலம் என் நாட்குறிப்பில் மழைக்கும் மின்வெட்டுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதை ஓர் ஒழுங்கில் எடுத்து வைக்கிறேன்.

நாங்கள் இருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. படித்து முடித்து ஊருக்கே திரும்பினோம். எனக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவனுக்குத் தீப்பெட்டி ஆபீஸில். கோவில்பட்டியில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். லேபிள் அச்சில் மை இழுவிப் போன தாள்களை அவன் வீட்டுக்குக் கொண்டுவருவான். ஒரு பக்கம் கோணலாக அச்சான மயிலோ மாம்பழமோ இருக்கும். மறுபக்க வெள்ளையில் உளவாளி விமானம் ஏறுவான். அந்தத் தாள்களில் லேசாக ஒரு மை வாடை எப்போதும் உண்டு. என் மேசையிலும் அந்த வாடை ஏறிவிட்டது.

உளவாளிக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையிலிருந்து நண்பன் வீட்டு அடுப்படி வரை எல்லாருக்கும் அவன் 'நம்மாளு'தான்.

முதல் பத்து வருடக் கதைகள் நன்றாக இருந்தன. நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் விமானம் ஏறியவனில்லை. பனியைப் பார்க்க வேண்டும் என்று தூத்துக்குடி ஐஸ் ஆலைக்குப் போய், அங்கிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, பாளம் பாளமாக அடுக்கியிருந்த அறைக்குள் நின்றுவிட்டு வந்தவன். வந்து எழுதிய பனிமலை அத்தியாயத்தைப் படித்தபோது எனக்குக் கால் விறைத்தது. நம்மாளு யாரை நம்புவான், யாரைக் கைவிடுவான் என்று கடைசிப் பக்கம் வரை தெரியாது.

பிறகு அது தேய்ந்தது. எப்போது என்று குறித்துச் சொல்ல முடியாது, செருப்பு தேய்கிற மாதிரி. முதல் அத்தியாயத்தில் தொலைபேசி ஒலிக்கும். மேலதிகாரி சுருட்டைப் பற்ற வைப்பார். விமான நிலையத்தில் ஒருத்தி கைப்பையை மாற்றி எடுத்துக்கொண்டு போவாள். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு தோட்டா நம்மாளின் இடது தோளில் சதையை மட்டும் கிழித்துக்கொண்டு போகும். கடைசிப் பக்கத்தில் அவன் கட்டுப் போட்டுக்கொண்டு படுக்கையில் சாயும்போது மறுபடி தொலைபேசி ஒலிக்கும். ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

இது நண்பனுக்கும் தெரியும். புத்தகக் கடைக்காரர் அவனை விடமாட்டார்.

“அண்ணாச்சி, நம்மாளுக்கு இந்த மாசமும் இடது தோளுதானா?”

“ஆமா.”

“வலது தோளுக்கும் ஒரு வாய்ப்பக் குடுங்களேன். இத்தனை குண்டுக்குப் பொறவும் அந்தத் தோள்ல சதை மிச்சம் இருக்குன்னு சொல்லுதீகளே, நம்புத மாதிரியா இருக்கு?”

“வலது கையிலதான அண்ணாச்சி துப்பாக்கி பிடிக்கணும். அங்கன சுட்டுட்டா பொறவு வேலைய யாரு பாப்பா? மெடிக்கல் லீவுக்கு நான் யார்கிட்டப் போய் நிக்க?”

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவன் என்னிடம் மட்டும் சொல்வான்: “செக்கு மாட்டக்கூடச் சாயங்காலம் அவுத்து விட்டுருவாண்டே.” ஆனால் அடுத்த அட்டை வந்துவிடும். உட்கார்ந்துவிடுவான்.

திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதுகிறவன் என்று ஒருவனைப் பற்றி எல்லாரும் முடிவு கட்டிவிட்டால், அவன் உண்மையாகவே மறக்கத் தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியவில்லை. என் நாட்குறிப்பில் அந்த நாட்களைப் படித்தால் எல்லாமே வேடிக்கைச் செய்திகளாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஒருநாள் எட்டயபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டுப் போனவன் கழுகுமலையிலிருந்து எனக்குப் போன் செய்தான். எட்டயபுரம் கிழக்கே, கழுகுமலை மேற்கே. மாறி ஏறுவதற்கு வழியே இல்லை. “என்னடே அங்கன பண்ணுத?” என்று கேட்டேன். “பின்னாலயே ஒருத்தன் வந்தான். அவனுக்குத் தண்ணி காட்டத்தான் பஸ் மாறினேன்” என்றான். நான் சிரித்தேன். அவன் மனைவி சிரித்தார். கல்யாண வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சாவியை எங்கே வைத்தான் என்று கேட்டால், “அதை வெளிய சொல்லக் கூடாது, மேலிடத்து உத்தரவு” என்பான். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் வாயில் வராவிட்டால், “அவருக்கு இப்ப வேற பேரு, வேற பாஸ்போர்ட்டு” என்பான். முப்பது வருடம் உளவாளியோடு குடியிருந்தவனுக்கு ஒளிந்துகொள்ள இடமா இல்லை.

பிறகு அந்த இரண்டு நாவல்கள். ஒரு மாதம் வந்த கதையையே இரண்டு மாதம் கழித்து வேறு அட்டைக்கு எழுதிக் கொடுத்தான். சாயல் என்று சொல்லக் கூடாது, அதே கதை. அதே வரிசை, அதே ஆட்கள், சில இடங்களில் அதே வாக்கியங்கள். பிழை திருத்த உட்கார்ந்த எனக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

“ஏலே, இது சித்திரையில வந்த கததான?”

வாங்கிப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். பிறகு, “எல்லாமே ஒண்ணு போலத்தானடே இருக்கு. இதுல சித்திரை என்ன, ஆனி என்ன?” என்றான்.

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவன் மனைவி காப்பி கொண்டுவந்தார். அப்படியே அச்சுக்குப் போனது. புத்தகம் வெளிவந்தது. வாசகர் ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மறதியைக் கண்டுபிடிக்கக்கூட முடியாத அளவுக்கு அந்தத் தொடர் நைந்து போயிருந்தது.

கண்டுபிடித்தது அவன் மனைவி. நாவலில் இல்லை, குளியலறையில். ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவன் துண்டைக் காயப்போட்டான், மறுபடி உள்ளே போய்க் குளித்தான், வந்து துண்டைத் தேடினான். அன்று மத்தியானம் அவர் பள்ளிக்கூட அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“அண்ணே, அவிய இப்ப பேசுதது எதுவும் வேடிக்கையில்லண்ணே. நாமதான் வேடிக்கைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.”

திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் இளையவர், பொறுமையாகப் பேசினார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

“அத வெளிய சொல்லக் கூடாது டாக்டர். மேலிடத்து உத்தரவு.”

மருத்துவர் புன்னகை செய்தார். பிறகு புன்னகை இல்லாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டார். நண்பன் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவர் குனிந்துகொண்டார், வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாதே என்று. ரயிலில் மூன்று பேரும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு வந்த இட்லி அவனுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. “தெரியல” என்றான். இத்தனை வருடத்தில் அவன் வேடிக்கை பண்ணாமல் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இது குணமாகிற நோய் இல்லை, மெதுவாக்கப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். இந்த வயதிலா என்று நான் கேட்டேன். சிலருக்கு வரும் என்றார்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். ஐப்பசி மாதம். கடம்பூர் தாண்டியதும் மழை பிடித்து, கோவில்பட்டியில் இறங்கும்போது விட்டிருந்தது. கூட்டம் போகட்டும் என்று நடைமேடைப் பலகையில் உட்கார்ந்தோம். அவன் மனைவி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனார். அப்போதுதான் அவன் சொன்னான்.

“ஏலே, நான் மறந்துட்டேன்னா அவன் எங்கடே இருப்பான்?”

“யாரு?”

“நம்மாளுதான். நான் பாட்டுக்கு மறந்துட்டுப் போயிருவேன். அவன் ஏதோ ஒரு ஊர்ல, தோள்ல குண்டோட, போனு அடிக்கும்னு நின்னுக்கிட்டேல்லா இருப்பான். பாவம்டே. அவனுக்கு ஒரு முடிவக் குடுத்துரணும். நானே குடுக்கணும்.”

நான் ஸ்கேன் உறையை மடியில் சரி பண்ணிக்கொண்டேன்.

“நீ பிழை மட்டும் பாரு. கதையில கை வைக்காத. நான் என்ன கேட்டாலும் வைக்காத.”

சரி என்றேன்.

மதுரைக்கு நான்தான் போன் செய்தேன். பழைய பதிப்பாளர் போய்ச் சேர்ந்து, அவர் மகன் நடத்துகிறார். அவரும் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரி பேசினார்.

“நானே சொல்லணும்னு இருந்தேன் சார். கடைக்காரங்க கட்டைப் பிரிக்காம அப்படியே திருப்பி அனுப்புறாங்க. எவனும் வாங்க மாட்டேங்கிறான், எல்லாரும் போனைப் பார்க்கிறாங்க. கடைசியா ஒண்ணு போட்டு நிறுத்திடுவோம். அட்டை மட்டும் கையில இருக்கிறதுதான். புதுசா அடிக்க முடியாது.”

நோயைப் பற்றிச் சொன்னேன். “அய்யய்யோ” என்றார். பிறகு, “அவசரமில்ல சார், மெதுவா எழுதட்டும்” என்றார். நல்ல மனிதர்தான்.

கையில் இருந்த அட்டையில் பனிமலை, ஹெலிகாப்டர், கறுப்புக் கண்ணாடிப் பெண். அதை அவன் மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்து முதல் தாள்களைக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கைப் போட்டு, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தொலைபேசி ஒலிக்கவில்லை. சுருட்டு இல்லை. நம்மாளு ஒரு பாசஞ்சர் ரயிலில் வந்து கோவில்பட்டியில் இறங்குகிறான்.

இத்தனை வருடத்தில் அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கரிசலை யார் காசு கொடுத்து வாசிப்பார்கள் என்று பழைய பதிப்பாளர் சொல்லிவிட்டார். இப்போது வருகிறான். மழை விட்ட சாயங்காலம். கையில் ஒரு பெட்டி. வேலையிலிருந்து விடுபட்டுவிட்டான். யாரும் அவனைப் பின்தொடரவில்லை என்பதை அவனால் நம்ப முடியவில்லை. பழக்க தோஷத்தில் நடைமேடையில் இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறான். நிலையத்தை விட்டு வெளியே வந்து, குறுக்கு வழி என்று நினைத்துக் காலி மனைக்குள் இறங்கிவிடுகிறான். கரிசல் மண் பூட்ஸில் அப்புகிறது. உதறுகிறான், இன்னும் அப்புகிறது. ஒவ்வோர் அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போகிறது. எத்தனையோ நாட்டுக் காவலைத் தாண்டி வந்தவனை ஒரு மனையடி நிலம் பிடித்து நிறுத்திவிடுகிறது. அவன் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்று, சிரிக்கிறான். அதுவரை எந்தக் கதையிலும் நம்மாளு சிரித்தது கிடையாது.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு ஒற்றுப் பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.

மறுநாள் அவனிடம் சொன்னேன். “அட்டையில பனிமலைல்லாடே இருக்கு?”

“இருந்துட்டுப் போகுது. வாங்குதவன் ஏமாறட்டும்.”

“நல்லா வந்திருக்குடே.”

“தெரியும்” என்றான். முகம் மலர்ந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டு, “ஏட்டி, இவனே நல்லாயிருக்குன்னு சொல்லுதான் பாரு, மழை வரப் போகுது” என்றான்.

அடுத்த வாரம் கொடுத்த தாள்களில் நம்மாளு பாசஞ்சர் ரயிலில் வந்து கோவில்பட்டியில் இறங்கினான்.

படி எடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். இல்லை. இந்த முறை மழை விடவில்லை, தூறிக்கொண்டிருந்தது. நடைமேடையில் ஒரு கிழவர் குடையை விரிக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தார். துப்பாக்கியைக் கண் மூடித் திறப்பதற்குள் பிரித்து மாட்டுகிறவனுக்கு அந்தக் குடைக் கம்பி பிடிபடவில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே குடையோடு மல்லுக்கட்டினார்கள். முதல் தாளைப் போலவே இதுவும் உயிரோடு இருந்தது. ஆனால் கதை நிலையத்து வாசலைத் தாண்டவில்லை.

அதற்கடுத்த வாரமும் இறங்கினான். அந்த முறை வெயில். மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எழுத உட்காரும்போது முந்தின நாள் எழுதியது அவனிடம் இல்லை. கடைசிக் கதை எழுத வேண்டும், நம்மாளை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. அதனால் தினமும் கொண்டுவருகிறான்.

நான் ஒழுங்கை நம்புகிறவன். தாள்களுக்கு எண் போட்டேன். முதலில் எழுதியதை மேலே வைத்து, 'இதுவரை எழுதியது, இதற்கு மேலே தொடர வேண்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, அவன் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் அதை வாசித்தான். பிறகு அன்று காலை எழுதிய தாளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“இது நான் எழுதினதா?”

“ஆமாடே.”

“எப்ப?”

நான் பதில் சொல்வதற்குள் அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டேன். அன்று காலை எழுதியதை நான்காக மடித்தான், மறுபடி மடித்தான், மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்றும் மறுநாளும் அவன் மேசைக்கு வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால், “அங்கன வை” என்று மட்டும் சொன்னான்.

மூன்றாம் நாள் அதை மறந்துவிட்டான். மேசைக்கு வந்தான். நான் ஒட்டிய தாளை அதற்குள் அவன் மனைவி கிழித்து எடுத்திருந்தார்.

“இனிமே காட்டாதீங்கண்ணே” என்றார். “எழுதும்போது அவிய நல்லா இருக்காவ. அதக் கெடுக்க வேண்டாம்.”

“கதை முடியாதே.”

“தெரியும்ணே.”

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது அதே யோசனையாக இருந்தது. தெரிந்தே திரும்ப எழுதியபோது ஒவ்வொரு கதையும் முந்தையதைவிடப் பழசாக இருந்தது. தெரியாமல் எழுதும்போது ஒன்றுகூடப் பழசாக இல்லை. குடை ஒரு நாள், டிராக்டர் ஒரு நாள். நடைமேடையில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் விட்டது ஒரு நாள். கடலைமிட்டாய் விற்கிறவன் சில்லறை இல்லாமல் பாதியை உடைத்துக் கொடுத்தது ஒரு நாள். ஒவ்வொரு முறையும் நம்மாளு அந்த ஊரை முதல் முறையாகப் பார்த்தான். இந்த எழுத்துக்காக நண்பன் முப்பது வருடம் காத்திருந்தான், நானும்தான். அதை அவனிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால், எதைச் சொல்லுத என்று கேட்பான்.

தையில் மதுரைக்காரர் கேட்டார். இருப்பதை ஒளிக்காமல் சொன்னேன். அனுப்பிப் பார்க்கச் சொன்னார், அனுப்பினேன்.

“சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா இது புத்தகம் ஆகாதே. ஒருத்தன் வந்து இறங்கிக்கிட்டே இருக்கான்.” கொஞ்சம் தயங்கினார். “நம்மகிட்ட ஒரு பையன் எழுதுறான், வேகமா எழுதுவான். முதல் வரவை மட்டும் வச்சுக்கிட்டு, பழைய எதிரி ஒருத்தன் தேடி வந்து சுட்டுடுற மாதிரி முடிச்சிடலாம். பேரு அண்ணன் பேருதான் இருக்கும். ஒரு மரியாதையா இருக்கும் சார். வீட்டுல கேட்டுச் சொல்லுங்க.”

வீட்டில் கேட்டேன். அவன் மனைவி அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“சுட்டா, செத்துருவானா?”

“அப்படித்தான் சொல்லுதாரு.”

“வேண்டாம்ணே. அவிய சாவடிக்கலைலா. வேற யாரோ எதுக்குச் சாவடிக்கணும்?”

“அவன் முடிவு குடுக்கணும்னு ஆசைப்பட்டான். இல்லன்னா நின்னுக்கிட்டே இருப்பான்னு சொன்னான்.”

கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அவிய ஆசைப்பட்டது அவிய குடுக்கணும்னு. ஏலல. ஏலலன்னா விட்டுருவோம்.”

மதுரைக்கு அப்படியே சொன்னேன். தொடர் நின்றது. அறிவிப்பு எதுவும் வரவில்லை. மிச்சமிருந்த அட்டைகள் கழிவுத் தாளோடு பட்டாசுக்குக் குழாய் சுருட்டப் போனதாகக் கேள்விப்பட்டேன். புத்தகக் கடைக்காரர் இரண்டு மாதம் கழித்து, “அண்ணாச்சி, நம்மாள ஆளையே காணும்?” என்று என்னைக் கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னேன். இடது தோளைப் பற்றித் தான் பேசியதெல்லாம் நினைவு வந்ததோ என்னவோ, கையிலிருந்த பத்திரிகைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

சித்திரைக்குப் பிறகு நண்பன் எழுத உட்காருவதும் நின்றது. பேனாவைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான், அவ்வளவுதான். என்னைத் தெரிகிறது. பெயர் வருவதில்லை, ஆனால் போனால் நகர்ந்து இடம் விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போகிறேன். அவன் மனைவி அந்த நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச எதுவும் இல்லாமல் அந்தத் தாள்களைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மண் அப்புகிற அந்த முதல் வரவை எடுத்து வாசித்தேன். மெதுவாகத்தான் வாசித்தேன். அவன் முதலில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்மாளு நடைமேடையில் திரும்பிப் பார்க்கிற இடத்தில் என் பக்கம் திரும்பினான். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுக்கிற இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாட்டிக்கிட்டான்” என்றான்.

தாள் முடிந்தது. நான் மடித்தேன்.

“அப்புறம்?”

முப்பது வருடம் மற்றவர்கள் அவனிடம் கேட்ட கேள்வி. இப்போது அவன் என்னிடம் கேட்கிறான். எனக்கு ஒரு கதையும் தெரியாது. ஒற்றும் சந்தியும் தெரியும். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆட்டோ பிடித்தான், வீட்டுக்குப் போனான், கதவு திறந்தது என்று சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகத் தலையாட்டியிருப்பான். வாய்வரை வந்தது. கதையில் கை வைக்காதே என்று சொன்ன ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் எழுதலடே” என்றேன்.

“யாரு எழுதுதது?”

“உனக்குத் தெரிஞ்ச ஆளுதான்.”

யோசித்தான். யார் என்று தேடுகிற மாதிரி இல்லை. அந்த எழுதுகிற ஆளுக்காக யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி, லேபிள் அச்சான பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடமே கொடுத்தான்.

“நல்லா எழுதுதான். அவசரப்படுத்தாத” என்றான். “இப்பதான ரயில்ல இருந்து எறங்கியிருக்கான். கால வேற கழுவணும்.”

உள்ளே அவன் மனைவி விழித்துக்கொண்ட சத்தம் கேட்டது. நான் தாள்களை வரிசைப்படுத்திப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.